கூரைக்குள் தூங்கியவை

அன்புள்ள மகளுக்கு,

இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். நான் எழுதி நீ படித்துப் பழக்கமில்லை, உறையின் மேல் தெரியாத கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். அப்படி ஒன்றுமில்லை. அப்பா சுகம், நானும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உன்னை நீ என்று எழுதுவது, எனக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்த அன்று நீயே சொன்னதால்தான். நீங்க வாங்கன்னு கூப்பிட்டா யாரோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மாதிரி இருக்கு என்றாய். நாம் இரண்டு பேரும் பேசியதில் இதுவரை அதுதான் நீளமான பேச்சு, அதனால் மறக்கவில்லை.

இங்கே குளிர் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்தான். காலையில் குழாயைத் திறந்தால் அது நன்றாக இருமிவிட்டுத்தான் தண்ணீர் விடுகிறது. அப்பா முழங்காலுக்கு உறை வாங்கிப் போட்டிருக்கிறார். லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்கு மட்டும் எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் ஓடாது, பதினோராம் மாடின்னாலும் படிதான் என்று சொல்லி அவரே சிரித்துக்கொள்கிறார். நான் வழக்கம்போலக் குடிநீர்ச் சோதனைக் கூடத்துக்குப் போய்வருகிறேன், அங்கே புதிதாக ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள், அது மேலதிகாரியின் காலை மட்டும் சூடாக்குகிறது. இதெல்லாம் நான் சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன். உன் அறையைத் திறந்தது அப்பா இல்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கூரைப் பலகையைப் பிரிக்கச் சொன்னதும் அப்பா இல்லை. எல்லாம் நான்தான்.

நீ வேலைக்குக் கிளம்பிப் போன அன்று அறையைப் பூட்டிச் சாவியை அப்பா கையில் கொடுத்து, இந்த ஒரு ரூமை மட்டும் யாரும் தொட வேண்டாம்ப்பா என்றாய். என் பக்கம் பார்க்கவில்லை, ஆனாலும் எனக்காகத்தான் சொன்னாய் என்பது புரியாமல் இல்லை. இரண்டு வருஷமாகத் தொடவில்லை. குளிர் முடிந்ததும் ஒரு வாரம் வரப் பார்க்கிறேன் என்று நீ அப்பாவிடம் சொன்னதிலிருந்துதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் அறைக் கதவின் அடியில் கை வைத்துப் பார்த்தால் ஜில்லென்று காற்று வரும். வெளியே நின்று பார்த்தால் ஜன்னல் பக்கத்துக் கூரை மூலையில் ஈரம் இறங்கிய கறை. நீ வந்து இந்தக் குளிரில் படுத்தால், புது ஆள் வந்த பிறகு இந்த வீட்டை யாரும் கவனிப்பதில்லை என்று நினைப்பாயே என்று இருந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தபோது அவருடைய கருவிப் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவர்களுக்கு அடியில் இருந்த சாவியை எடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். நல்ல எண்ணம் பாதிதான். அறை கதகதன்னு இருக்கேப்பா என்று நீ கேட்க, அப்பா என்னைக் கை காட்ட, நீ என் பக்கம் திரும்பி ஏதாவது ஒரு உறவுமுறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்கிற ஆசை மீதிப் பாதி. போனில் நான் எடுத்தாலும் அப்பா இருக்காங்களா என்று மட்டும்தானே கேட்பாய்.

தச்சர் ஜன்னல் பக்கத்து மூலையில் பலகைகளைக் கழற்றியதும் தூசியோடு சேர்ந்து சின்னச் சின்னதாய்க் கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. வற்றிப்போன பழம் மாதிரி சுருண்டு, தொட்டால் கல் மாதிரிச் சில்லென்று இருந்தது. எலிங்கம்மா, செத்து ரொம்ப நாளாகியிருக்கும், பழைய வீடுன்னா இதெல்லாம் சகஜம், பெருக்கித் தள்ளிடுங்க என்றார் தச்சர். பெருக்கித் தள்ளினேன். துடைப்பத்தால் இழுத்து, மரத்தூளோடு வாரி, வாசலுக்கு வெளியே உறைபனியில் நிற்கிற குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து கை கழுவினேன். கட்டில் மேல் விரித்திருந்த பழைய துணியை மட்டும் சுருட்டி எடுத்துவந்து சமையலறை ஹீட்டர் பக்கத்தில் போட்டிருந்தேன். தச்சருக்கு டீ போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் துணி நடுங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு வௌவால். உடம்பு முழுவதும் உதறுகிறது, மடங்கியிருந்த காது மெல்ல நிமிர்கிறது, வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாததைத் தேடிச் சம்பளம் வாங்குகிறவள் நான். உயிரோடு இருந்தவற்றைக் குப்பை என்று கொட்டியிருக்கிறேன்.

ஓடிப்போய்த் தொட்டியைக் கவிழ்த்து, மரத்தூளைக் கையால் அளைந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எனக்குக் கையுறை போடத் தோன்றவில்லை, அதற்காகப் பிறகு ஊசி போட்டார்கள், அது பரவாயில்லை. சிலது என் துடைப்பம் பட்டு இறக்கை கிழிந்திருந்தது. சிலது கடைசிவரை அசையவே இல்லை. தச்சரும் முகம் செத்துப்போய் நின்றார். இந்த மாதிரி அடிபட்டு வருவதையெல்லாம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பல் டாக்டரம்மா வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். செருப்புப் பெட்டியில் துணி போட்டு எடுத்துக்கொண்டு போய், கன்னம் வீங்கினவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பெட்டிக்குள் சுரண்டுகிற சத்தம் கேட்டுப் பக்கத்திலிருந்த பெரியவர் பல்வலியை மறந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா பல் பார்க்கிற விளக்கடியிலேயே ஒவ்வொன்றின் இறக்கையையும் விரித்துப் பார்த்தார். குளிர் வந்தால் இவை உடம்பைக் குளிரவிட்டுத் தூங்கிவிடுமாம், தொட்டால் செத்த மாதிரித்தான் இருக்குமாம். சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துக் குளிர் முடியும் வரை ஓட்ட வேண்டும், நடுவில் எழுப்பினால் அதில் பெரும்பங்கு எரிந்துபோகும், வெளியே இந்தப் பனியில் பிடித்துத் தின்ன ஒரு பூச்சியும் கிடையாது. தூங்குற பிள்ளைய எழுப்பி உட்கார வச்சு, இன்னிக்குச் சமைக்கலன்னு சொன்ன மாதிரி ஆச்சு நீங்க செஞ்சது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அவர் வீட்டில் பெட்டிக்கு மேல் பெட்டியாக ஏற்கெனவே நிறைய நோயாளிகள், அதனால் இறக்கை மோசமாகக் கிழிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எங்களையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்று சாயங்காலம் அப்பா வந்தார். உன் அறைக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தார், வாசற்படியோடு நின்றுவிட்டார், உள்ளே போகவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், எத்தனை பொழச்சது என்று மட்டும் கேட்டார். பறவைத் தீனிக் கடையில் போய் மாவுப் புழு வாங்கிவந்ததும் அவர்தான். புழுவின் தலையைக் கிள்ளி இடுக்கியில் பிடித்து வௌவாலின் வாயோரம் வைக்க வேண்டும், எனக்கு இடுக்கி பிடிபடவில்லை, அவர் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவைக்கிற மனுஷன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முதல் புழுவைக் கிள்ளினார். இப்போது பழகிவிட்டது. அதில் ஒன்று கொடுத்ததும் தின்னாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும், காக்கவைத்துப் பிறகுதான் வாயைத் திறக்கும். அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்திருக்கிறார். மேனேஜர் இன்னிக்குக் கையெழுத்துப் போட்டாச்சு என்றால் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம்.

வௌவால்கள் வந்த மறுநாள் நீ போன் பண்ணினாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், கையில் வௌவால் இருந்தது. கூரையைப் பிரித்ததைச் சொன்னார். நீ உடனே, நட்சத்திரம்? என்று கேட்டாய். அவர் கையிலிருந்த வௌவாலைப் பெட்டிக்குள் விட்டார். பிறகு, போச்சும்மா, நான்தான் தச்சரைக் கூப்பிட்டேன், யோசிக்காம செஞ்சுட்டேன் என்றார். அம்மாவோடதுன்னு அந்த வீட்ல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான், அதையும் எடுத்துட்டீங்களாப்பா என்று கேட்டு வைத்துவிட்டாய். நான் ஒரு கை தூரத்தில் புழு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை, அவர் இல்லை, நான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. என்ன நட்சத்திரம் என்றுகூட அவரைக் கேட்கவில்லை, கேட்டால் பேச்சு என்மேல் வந்து நிற்குமே என்று பயந்தேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கினவள் நான். அதனாலேயே எங்கள் வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் உடைத்த கண்ணாடி டம்ளருக்கு என் தம்பி திட்டு வாங்குவான், படிக்கிற பொண்ணு, அவளை விடு என்பார்கள். நானும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டேன். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அன்று உன் அப்பா பழியை எடுத்துக்கொண்டபோது, எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் உன்னைக் கூப்பிட்டார், நீ எடுக்கவில்லை. பொடிசுக்கு வேலை இருக்கும் என்றார். மறுபடி ஒரு முறை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. சட்டைப் பையிலேயே போனை வைத்திருக்கிறார், லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காதாம், அதனால் அடிக்கடி வெளியே வந்து நிற்கிறாராம், கூட வேலை செய்கிறவர் சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

போன வாரம் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். விடுவதற்கு முன்னால் மூடின அறையில் பறக்கவிட்டு இறக்கை சரியாகிறதா என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் கூடம் முழுக்கச் சாமான். உன் அறைதான் தோது. நான் வேண்டாம் என்றேன், வேறு எங்காவது பார்க்கலாம் என்றேன். அப்பாதான் எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்தார். தச்சர் பிரித்த மூலையைத் தார்ப்பாயால் அடைத்து, உன் கண்ணாடியைத் துணியால் மூடி, திரையை இழுத்துவிட்டு, அது நிதானத்துக்கு வரட்டும் என்று கொஞ்ச நேரம் விளக்கை அணைத்தோம். அப்போதுதான் பார்த்தேன். கட்டிலுக்கு நேர் மேலே, பச்சையாக, மங்கலாக, கொத்துக் கொத்தாய், இருட்டில் மட்டும் ஒளிர்கிற ஒட்டு நட்சத்திரங்கள். பகலில் நான் பார்த்தபோது பழுப்பேறின பிளாஸ்டிக் துண்டுகள், சின்ன வயதில் நீ ஏதோ ஒட்டி விளையாடியது என்று நினைத்திருந்தேன். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கட்டில் மேல இருக்கிறது பொடிசோட அம்மா ஒட்டினது, ஏறி நின்னா அவ்வளவுதான் அவளுக்கு எட்டும், ஜன்னல் பக்கம் இருந்ததெல்லாம் நான் ஏணி வச்சு ஒட்டினது, கோணலா இருக்குன்னு அம்மாவும் பொண்ணும் சேர்ந்து சிரிப்பாங்க என்றார். தச்சர் பிரித்தது ஜன்னல் பக்கம்தான். போனது என்னோடதுதான் போல என்றார். அதுவரை அவர் அந்த அறைக்குள் போய் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் எல்லாம் போய்விட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அந்த நட்சத்திரங்களுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, உன் திரைக் கம்பியில் போய்த் தொங்கினார். இன்னொன்று பாதியில் உன் தலையணை மேல் விழுந்துவிட்டது, அதற்கு இன்னும் நாளாகும்.

உன் அம்மா ஒட்டியது இருக்கிறது என்று உனக்குத் தெரியவேண்டும், அதனால் எழுதினேன். என் தப்பு அதனால் குறையாது. தச்சரிடம் போய்ப் பழைய பலகைகளைக் கேட்டேன், குளிருக்கு அடுப்பில் போட்டுவிட்டாராம், உன் அப்பாவின் நட்சத்திரங்கள் திரும்பி வராது. இரவில் பூச்சி பறக்கிற அளவுக்கு வெயில் காலம் வந்ததும் வௌவால்களை இந்தக் கூரையிலிருந்தே விட வேண்டும், அவை திரும்பி வந்து தங்க அந்த மூலையில் ஒரு சின்ன இடைவெளி விட்டால் நல்லது என்கிறார் டாக்டரம்மா. அது உன் அறை. விடு என்றால் விடுகிறோம், மூடு என்றால் மூடி, வெளிச்சுவரில் ஒரு பெட்டி அடிக்கிறோம். உன் பதில் வரும்வரை அதில் ஆணி இறங்காது. சாவி பழைய இடத்திலேயே இருக்கிறது, வௌவால் பறக்கும் நேரம் தவிர நான் அதை எடுப்பதில்லை, அப்போதும் திறப்பது அப்பா.

அங்கே இங்கேயைவிடக் குளிர் அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை இருக்கிறது என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடாதே. எங்காவது இப்படி ஒரு வௌவால் விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதே, துணி போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்து, தெரிந்தவர்களைக் கூப்பிடு, நீயாக ஒன்றும் செய்யாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது எல்லாம் உனக்கு நடக்க வேண்டும். அதைச் சொல்லவும் எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, ஆனால் தினமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா வீட்டில் இருக்கிறவள்.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது, இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். என்னிடம் நீ பேச வேண்டாம், எனக்குப் பதிலும் வேண்டாம், அந்த மூலையைப் பற்றி அப்பாவிடமே சொல். அப்பாவுக்கு ஒரு போன் பண்ணு. பொழுது சாய்ந்த பிறகு பண்ணு, அப்போதுதான் வீட்டில் இருப்பார். ஆனால் அந்த நேரம் மேனேஜர் அவர் கையில் இருப்பார், வாயில் பாதிப் புழுவோடு. அதைப் பெட்டிக்குள் விட்டு, மூடி, கையுறையைக் கழற்றி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்கு அவருக்கு நேரமாகும். பக்கத்திலேயே நின்றாலும் நான் எடுக்கமாட்டேன். அதனால் வைத்துவிடாதே, அடிக்கவிடு.