மஞ்சள் வைத்த அறுபத்து நான்கு கவர்கள்

மேலூர் சாலை, ஸ்ரீரங்கம்
ஆடி 19

உப்பிலியபுரம் சம்பந்தி வெள்ளைச்சாமி அவர்களுக்கும் சம்பந்தி அம்மா மாரியாயி அவர்களுக்கும் உங்கள் சம்பந்தி பிச்சை, வணக்கம் சொல்லி எழுதச் சொன்னது. இங்கே நானும் உங்கள் மகள் மலர்க்கொடியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பச்சைமலைப் பக்கம் மழை இறங்கியதா, உங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறியதா என்று தெரியவில்லை. ஏறியிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதுவது எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் பீமராவ். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது நீங்கள் அறிந்ததுதான். வீட்டில் அவ்வளவு அழகாக எழுதுகிற மருமகளை வைத்துக்கொண்டு இவன் ஏன் வெளியே போய் எழுதச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். அவள் எழுதினால், அவளே சொல்லி அவளே எழுதியது என்று உங்களுக்குத் தோன்றும். போனில் பேசலாம்தான். போன வாரம் பேசினோமே, என்ன ஆயிற்று? நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'வைங்க போனை' என்றோம். கடிதம் என்றால் நடுவில் வைக்க முடியாது பாருங்கள்.

நீங்கள் அன்று சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'மாப்பிள்ளை போயி மூணு வருஷம் ஆச்சு. புருஷன் இல்லாத பொண்ணு கல்யாணக் கவர்ல பேரு எழுதுறாளாமேன்னு இங்க பேசுறாங்க. நாளைக்கு எந்த வீட்லயாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எம் பொண்ணு தலையிலதான் வைப்பாங்க. ஆவணி பொறந்ததும் வேன் எடுத்துட்டு வரேன், சாமானோட அனுப்பி வைங்க' என்றீர்கள். பெற்ற மனசு பயப்படும். அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பார்க்காத சிலதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைச் சொல்லாமல் வேனில் சாமான் ஏற்றினால் எனக்கு அது மனசில் கிடந்து உறுத்தும்.

மலைக்கோட்டைக்குக் கீழே நாற்பது வருஷம் ஜவுளி மூட்டை சுமந்தவன் நான். இப்போதும் வாரம் ஒரு தடவை ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி அந்தப் பக்கம் போய் வராவிட்டால் சோறு இறங்காது. போன ஐப்பசியில் அங்கே கல்யாணப் பத்திரிகைக் கடை முதலாளி என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கவரில் இங்கிலீஷில் கோத்துக் கோத்துப் பேர் எழுத ஆள் இல்லை, எழுதிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், இப்போதெல்லாம் கையால் எழுதியதுதான் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றார். அதை ஊர்க் கதையாகத்தான் வீட்டில் வந்து சொன்னேன். மலர்க்கொடி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் பார்த்தால் நாலு கோடு நோட்டு ஒன்று, முள் பேனா ஒன்று, மைபாட்டில் ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் யாரோ எழுதுவதைப் பார்த்துப் பார்த்து, வெறும் சாய்கோடாகப் போட்டாள். எழுத்தே இல்லை. ஒரு பக்கம், இரண்டு பக்கம் இல்லை, ஒரு நோட்டு முழுக்கச் சாய்கோடு. அடுத்த நோட்டு முழுக்க முட்டை முட்டையாகச் சுழித்தாள். பிள்ளைக்கு மனசு எங்கேயோ போய்விட்டது என்று நினைத்து, இந்த பீமராவிடம் ஓடி வந்து, சாமி, மருமகளை எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று கேட்டேன். அவர் வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'பிச்சை, டாக்டர்கிட்ட போக வேண்டியது நீதான். அவ கையைப் பழக்குறா' என்றார். இப்போது இதை எழுதும்போதும் சிரிக்கிறார்.

காலையில் சமையல் முடிந்ததும் உட்காருவாள். ஏறுகிற கோடு மெலிசாகப் போகவேண்டுமாம், இறங்குகிற கோடு தடிமனாக வரவேண்டுமாம். படிக்கத் தெரியாவிட்டாலும் எனக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது. நல்ல கோடு விழுந்தால் அவள் மூச்சு விடுவாள், கெட்டது விழுந்தால் பல்லைக் கடிப்பாள். மூன்று தடவை கடை முதலாளி மாதிரியைத் திருப்பி அனுப்பினார். ஒரு தடவை சாய்வு போதாது, ஒரு தடவை எழுத்துக்கு எழுத்து கோக்கவில்லை, ஒரு தடவை மை திட்டுத்திட்டாக இருக்கிறது. அவர் சொன்னதை ஒப்பிப்பது என் வேலை. மூன்று தடவையும் நான் ஒப்பித்து முடித்ததும் 'சரி மாமா' என்பாள், திரும்ப உட்காருவாள். நான்காவது தடவை அவர் மாதிரியைத் திருப்பித் தரவில்லை. கட்டு கட்டாகக் கவர் கொடுத்தார்.

உங்கள் காதில் விழுந்தது எங்கள் காதிலும் விழாமல் இல்லை. தை மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காரர் கடையில் நின்றுகொண்டு, எழுதுறது சுமங்கலிதானே என்று கேட்டிருக்கிறார். முதலாளி அவளுக்குக் கொடுக்க எடுத்த கவர்க் கட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். அதை அவள் முகத்துக்கு நேராகவே செய்தார். வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், நோட்டை எடுத்தாள். திரும்பவும் சாய்கோடு. எட்டுப் பக்கம் போட்டாள். நான் எண்ணினேன். அன்றைக்கு அவளே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை.

மஞ்சள் விஷயத்துக்கு வருகிறேன். அதில் குற்றவாளி நான்தான்.

சில வீட்டார் கவரின் நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்தே தந்துவிடச் சொல்வார்கள். அதை எப்போதும் நான் வைப்பேன். அவள் அந்தக் கிண்ணத்தைத் தொட மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. எழுதும்போது ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுச் சொல்லி எழுதுவதால் யார் வீட்டுக் கல்யாணம் என்பது எனக்கும் தெரிந்துவிடும். ஆனி கடைசியில் நான் ஒரு காதுகுத்துக்கு மண்ணச்சநல்லூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கூடம் முழுக்கக் கவர்கள், எழுதி வரிசையாகக் காயவைத்திருந்தாள். சாயங்காலம் கடைக்குக் கொடுத்தாக வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். பாவம், அவள் செய்யாத வேலை, நாமே முடித்துவைப்போம் என்று மஞ்சளைக் குழைத்து உட்கார்ந்தேன்.

பாதிக்கு மேல் வைத்துவிட்டேன். அப்போதுதான் வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். 'மாமா, இது பாய் வீட்டுக் கல்யாணம்' என்றாள். சத்தமே போடவில்லை. எனக்குக் கையில் இருந்த கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 'எத்தனை ஆச்சு?' என்று கேட்டாள். அறுபத்து நாலு, கடைசிக் கவருக்கு இரண்டு மூலைதான் வைத்தேன் என்றேன். அவள் அந்தக் கடைசிக் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அது கெட்டால் கடைக்காரர் இனிமேல் கொடுக்க மாட்டார், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் சொன்னாள், 'கையக் கழுவிட்டு வாங்க, சாப்பிட்டிருக்க மாட்டீங்க.' சம்பந்தி, என் மகன் அரவிந்தன் இருந்திருந்தால் என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பான். நானாக இருந்தால் எட்டு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் சோறு போட்டாள்.

அன்று சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோகவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேரும் அந்தக் கல்யாண வீட்டுக்கே போனோம். பாலக்கரையில் வீடு. பெண்ணுக்குப் பேர் அல்ஷிஃபா, அவள் அம்மா ஜஹானாரா. கட்டைப் பிரித்து வைத்து, அம்மா, இது என் கை செய்தது, இந்தப் பிள்ளை மேல் குற்றம் இல்லை என்றேன். அந்த அம்மா ஒரு கவரை எடுத்து மூலையைத் தடவிப் பார்த்தார். பிறகு கவர்களைப் பாயில் பரப்பச் சொல்லி, மலர்க்கொடியை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். படிக்கப் படிக்க இரண்டு கட்டாகப் பிரித்தார். 'இது மாடி வீட்டு அக்கா. இது ஷிஃபாவோட டீச்சர். இது பால்காரர். இவங்களுக்கெல்லாம் மஞ்சள் வச்ச பத்திரிகைதானே பத்திரிகை? இத்தனை வருஷமா நாங்க வெறும் கவராத்தான் குடுத்துட்டு இருந்தோம். இந்தத் தடவை இப்படியே போகட்டும்' என்றார். அப்படி இருபத்தாறு தேறியது. மிச்சம் முப்பத்தெட்டு. அதை மட்டும் திரும்ப எழுதித் தா, வெற்றுக் கவர் என்னிடம் இருக்கிறது என்றார். 'பெரியவரை மட்டும் கிட்ட விடாதே' என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மலர்க்கொடி அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதினாள். வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் வயசான அம்மா ஒருவர், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டார். பேனா நின்றது. 'அவர் இல்லைங்கம்மா, லாரி விபத்துல போயிட்டாரு. நான் எழுதக்கூடாதுன்னு நீங்க நெனச்சா இப்பவே நிறுத்திடறேன்' என்று உங்கள் மகளே சொன்னாள். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அந்த அம்மா அவள் தலையில் கையை வைத்து, அல்லா அவருக்கு நல்ல இடம் கொடுக்கட்டும் என்றார். கையை எடுத்ததும், 'அடுத்தது எங்க கொழுந்தனார் பேரு. கொஞ்சம் பெருசா எழுதும்மா, அவரு கோபக்காரரு' என்றார். மலர்க்கொடி எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, 'குடிக்கத் தண்ணி குடுங்க' என்று அவளாகவே கேட்டாள். அரவிந்தன் போனதிலிருந்து எந்த வீட்டிலும் அவள் இப்படி வாய் திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அந்தக் கவர்களைப் பார்த்து, அவர்கள் உறவிலேயே இரண்டு கல்யாணத்துக்கு எழுதக் கேட்டிருக்கிறார்கள். தை மாதம் கட்டை உள்ளே வைத்த முதலாளியும் இப்போது அவளை 'வாங்கம்மா' என்கிறார்.

சம்பந்தி, உங்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். கோபப்படாதீர்கள். உங்கள் ஊர் மண்டபத்தில் கல்யாணத்தன்று கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தீர்கள், கையில் சந்தனம் காயவில்லை. என் இரண்டு கையையும் பிடித்து, 'பி.காம். படிச்ச புள்ளைங்க. அடுப்படியோட விட்றாதீங்க' என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். ஆட்டினதோடு சரி. அவள் ஆறு வருஷம் அடுப்படியில்தான் இருந்தாள். என் மனைவி கிடையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தாள், அப்புறம் அரவிந்தன் போனான், அப்புறம் என் கண் ஆபரேஷன். எல்லாவற்றுக்கும் அவள்தான் நின்றாள். பதினாறாம் நாள் நீங்கள் கூப்பிட்டபோது, 'மாமா தனியா இருக்காரு, கொஞ்ச நாள் இருந்துட்டு வரேம்ப்பா' என்றாள். அந்தக் கொஞ்ச நாளில் நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. இப்போது அவளே காப்பாற்றிக்கொள்கிறாள்.

அவள் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. பையன் இல்லாத வீட்டில் மருமகளை இரு என்று சொல்ல எனக்கு வாயும் வராது. அவளுக்கு இன்னொரு வாழ்க்கை அமையவேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அது நல்ல நினைப்பு. அதற்கு நான் முன்னால் நின்று செய்வேன். என் சாப்பாட்டை நினைத்து நீங்கள் தயங்க வேண்டாம். மெஸ் இருக்கிறது, இந்த பீமராவ் வீட்டு ரசம் இருக்கிறது. பயந்துபோய் ஊருக்குத் திரும்பினாள் என்று மட்டும் ஆகக்கூடாது. அவளாக வருகிறேன் என்றால் அது வேறு.

இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சம்பந்திக்குச் சம்பந்தி அதெல்லாம் சொல்வது வழக்கம் இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்தீர்கள். நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு இருக்க வேண்டும்.

ஆவணி பிறந்ததும் வாருங்கள். துறையூரில் பஸ் மாறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள், நான் வந்து நிற்கிறேன். வேன் வேண்டுமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காலையில் அவள் எழுத உட்காரும்போது நீங்களும் சம்பந்தி அம்மாவும் பக்கத்தில் உட்காருங்கள். எழுதி முடிந்ததும் அவளிடமே கேளுங்கள். பதில் சொல்ல அவளுக்கு நேரமாகும், நடுவில் பேசாதீர்கள். நான் இருந்தால் என் முகத்தைப் பார்த்துவிடுவாள். அதனால் இங்கே பீமராவ் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். எது முடிவானாலும் சரி, முடிவானதும் என்னைக் கூப்பிட ஆள் அனுப்புங்கள். மலர்க்கொடியே வந்து கூப்பிட்டால் நல்லது.

இங்ஙனம்,
உங்கள் சம்பந்தி பிச்சை
(சொன்னபடி எழுதி, ஒரு தடவை படித்துக் காட்டியது: பீமராவ்)