மொட்டை மாடியிலிருந்து ஒரு கேள்வி

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. டி.வி. மறுபடி கட்டம் கட்டமாக உடைகிறது. வாய் அசைவது ஒரு நேரம், சத்தம் வருவது ஒரு நேரம். பிறகு 'சிக்னல் இல்லை'. செட்டாப் பாக்ஸை அணைத்துப் போட்டேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், தட்டியும் பார்த்தேன். ம்ஹூம்.

எனக்கு டி.வி. இல்லாவிட்டாலும் பொழுது போகும். வசந்தாவுக்கு அது ஒன்றுதான். ஆடியில் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. காலுக்குக் கொஞ்சம் பலம் வந்துவிட்டது. பேச்சு இல்லை. நாள் முழுக்கக் கட்டிலில் சாய்ந்தபடி தெலுங்கு சீரியல். நகரிக்காரி, பிறந்த வீட்டு மொழி. இன்று வெறும் நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணைக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள்.

சாயங்காலம் பட அட்டைப் பயிற்சி. பூ. பால். வீடு. 'ப' வரைக்கும் வந்தது. அப்புறம் அட்டையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

கடைக்கு: டோனர், ஏ4 பேப்பர். வீட்டுக்கு: ஓமம்.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. செராக்ஸ் எடுக்க ஆளே இல்லை, சீக்கிரம் கடையை மூடினேன். கேபிள்காரர் முரளி வந்தார். எங்கள் ஏரியாவுக்குப் புதிது.

"பாக்ஸ் நல்லாத்தான் கீது சார். மேல லைன்ல தண்ணி எறங்கிகினு இருக்கும். மழ நிக்கட்டும், மாடி ஏறிப் பாக்கறேன்."

அந்த நேரம் பார்த்துப் படம் ஒரு நொடி வந்து போனது. "அக்கா தெலுங்குங்களா?" என்றார். நகரி என்றேன். "நம்ம சைடுதான். நான் புத்தூரு." வசந்தாவிடம் தெலுங்கில் ஏதோ நலம் விசாரித்தார். அவள் தலையை ஆட்டினாள். பேச வராது என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மகள் போன். அம்மாவோடு சென்னைக்கே வந்துவிடுங்கள், கடையை விட்டுவிடுங்கள் என்கிறாள். யோசிக்கிறேன் என்றேன்.

நவ. 12, புதன்

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி.

முரளி பத்து மணி போல வந்து மொட்டை மாடிக்குப் போனார். நான் டி.வி.யைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் மேலேயிருந்து "வந்துதா சார்?" என்பார், நான் உள்ளே போய்ப் பார்த்து, மாடிப்படிக்கு வந்து "இல்லப்பா" என்பேன். குரங்கு ஒயரைக் கடித்து வைத்திருக்கிறதாம். வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுகிறேன் என்றார்.

அதற்குள் கீழ்வீட்டு மேரி டீச்சர் படியேறி வந்து என்னை நிறுத்தினார். மாடித் தண்ணீர் அவர் வீட்டுச் சுவரில் இறங்குகிறதாம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே முரளி கூப்பிட்டிருக்கிறார், என் பதில் இல்லை. உடனே எங்கள் ஜன்னல் பக்கமாகக் குனிந்து, வந்ததா என்று தெலுங்கில் குரல் கொடுத்தார்.

"ஒச்சிந்தா அக்கா?"

உள்ளேயிருந்து, "ராலேது."

வரவில்லை என்கிறது அந்தக் குரல். டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டார். "யாருங்க உள்ள? சொந்தக்காரங்க வந்துகிறாங்களா?"

யாரும் வரவில்லை. உள்ளே வசந்தா மட்டும்தான்.

"இப்புடு?" என்றார் முரளி. இப்போது வந்ததா என்று.

"ராலேது."

கொஞ்சம் கரகரப்பு, கடைசி எழுத்தில் இழுப்பு. ஆனால் அவள் குரல். நான் மறந்தே போயிருந்த குரல். உள்ளே ஓடியிருக்க வேண்டும். நான் போய் நின்றால் அது நின்றுவிடுமோ என்று பயம். டீச்சர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சர்ச்சில் நிற்பதுபோல் நின்றார். நானும்தான்.

மேலே ஏதோ முறுக்கும் சத்தம். "இப்புடு சூடு அக்கா."

இப்போது பார் என்கிறார். பிறகு,

"ஆங். ஒச்சிந்தி."

டி.வி.யில் யாரோ சிரிக்கும் சத்தம் படிவரைக்கும் வந்தது.

முரளி கையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். "எங்க சார் போனீங்க? அக்காதான் கரெக்டா சொல்லினு இருந்தாங்க." விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "எனக்குத் தெரியாதுங்க சார்," என்றார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவளைக் கும்பிட்டார்.

வசந்தா எங்களைப் பார்க்கவே இல்லை. சீரியல்.

நவ. 13, வியாழன்

தூக்கம் சரியில்லை. கனவாக இருந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி எழுந்து அவளைப் பார்த்தேன்.

டாக்டருக்குப் போன். ரெண்டு மொழி பேசுகிறவர்களில் சிலருக்கு ஒரு மொழி முன்னாலும் இன்னொன்று பின்னாலும் திரும்பி வருமாம். "எது வருதோ அதுலயே பேசுங்க சார்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் தமிழ்தான். தெலுங்கெல்லாம் அவள் நைனாவோடும் தங்கச்சிகளோடும். எனக்குக் கடையில் பிழைக்கிற அளவுக்குத் தெரியும். பக்கம் எவ்வளவு, கலரா, கருப்பு வெள்ளையா.

மகளிடம் சொன்னதும் போனிலேயே அழுதாள். சென்னை பேச்சு எடுக்கவில்லை. நகரியிலிருந்து மச்சினி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

பகலெல்லாம் வசந்தா வாய் திறக்கவில்லை. நான் ஏதேதோ கேட்டேன். முறைத்தாள். என் தெலுங்கு அப்படி.

நவ. 14, வெள்ளி

மேகம் இல்லை. மலை இன்று பக்கத்தில் வந்து நிற்கிறது. பால் பாக்கெட் ஓட்டை, பாதி சிந்திப் போனது.

மிச்சப் பாலில் காபி. என்ன கேட்பது என்று தெரியாமல் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கையால் வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"சக்கெர லேது," என்றாள்.

எழுந்து போய்ச் சர்க்கரை போட்டுக்கொண்டு வந்தேன்.