முயலுக்குப் போட்ட தூள்

இயேசு மரி சூசை

பிர்ஸ்ஃபெல்டன்,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் வனேசாவுக்கு,

அம்மா எழுதுறன். நானும் அப்பாவும் மாதாவின்ர புண்ணியத்தில உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம், நீயும் மருமகனும் குட்டி றோஷினியும் அங்க பெர்த்தில நல்ல சுகமாய் இருக்க வேணும் எண்டு ஒவ்வொரு நாளும் செபமாலையில உங்களை வைச்சுத்தான் மன்றாடுறன். அங்க இப்ப குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளையை வெறுங்காலோட நிலத்தில ஓட விடாத, இருமல் பிடிச்சா உனக்குத்தான் நித்திரை இல்லை. வாட்ஸப் இருக்கேக்க இந்த மனிசி ஏன் பேனையைத் தூக்கிச்சு எண்டு யோசிப்பாய். போன் எடுத்தால் உன்ர அப்பா ஸ்பீக்கரில போடு எண்டு பக்கத்தில வந்து குந்திவிடுவார், அவருக்குத் தெரியாமல் இந்த வீட்டில ஒரு கதை கதைக்க ஏலாது. இது அவருக்கு இன்னும் சொல்லாத கதை. உடம்புக்குக் குறையில்லை எண்டு எழுதினனான், மனசுக்கு எண்டு எழுதேல்லை பிள்ளை.

எங்கட பில்டிங்குக்கு முன்னால இருக்கிற பூப்பாத்தி உனக்குத் தெரியும்தானே, மேல் வீட்டுக் கிழவி ஃபிராவ் புரோட்பெக் பார்க்கிறது. புருசன் செத்த பிறகு அவவுக்கு அந்தப் பாத்திதான் உலகம். இந்த முறை பாதியை எனக்குத் தந்தவ, ஆவணி மாதம் மரியாஸ்டைன் திருவிழாவுக்கு மாதாவுக்குச் செவ்வந்தி மாலை என்ர கையால கட்ட வேணும் எண்டு நான் சொன்னதைக் கேட்டு, சந்தோசமாய்த் தந்தவ. நானும் கன்று வைச்சன், வடிவா வளர்ந்து வந்தது, ஒருநாள் விடியப் பார்த்தால் பாதிக் கன்று மொட்டையாய் நிக்குது. முயல்! துறைமுகப் பக்கத்துப் பற்றைக்குள்ள இருந்து வருகுதுகள், காட்டு முயல், சாம்பல் நிறம், பார்க்கப் பாவம் மாதிரி இருக்கும், செய்யிற வேலை எல்லாம் கள்ள வேலை. அவவின்ர பன்சிப் பூவையும் விடேல்லை. கைதட்டிக் கலைச்சன், அப்பாவின்ர பழைய சேட்டைத் தடியில கட்டி விட்டன், அது சேட்டுக்குக் கீழயே இருந்து சாப்பிடுது. அதுகளை நாங்கள் பிடிக்கவும் கூடாது, இங்கத்தைச் சட்டம் அப்பிடி. ஃபிராவ் புரோட்பெக் மட்டும் பதறேல்லை. சின்னக் கண் கம்பிவலை வாங்கி முழங்கால் உயரத்துக்குச் சுத்தி அடிக்க வேணும், அடிப்பக்கத்தை ஒரு சாண் வெளியால மடிச்சு மண்ணுக்க தாட்டால்தான் கிண்டிக்கொண்டு வராது, என்ர கண் ஒப்பரேசன் முடியட்டும் ரண்டுபேருமாய்ச் செய்வம் எண்டு சொன்னவ. அவவுக்குக் கண்ணில கற்றறாக்ட், புரை எடுக்கிற ஒப்பரேசன். எனக்குப் பொறுமை எங்க கிடக்கு, நீயே சொல்லுவாயே அம்மாவுக்குச் சோறு வேகிற வரைக்கும் மூடி திறக்காமல் இருக்க ஏலாதெண்டு. மாமி ஊரால அனுப்பின தூள் இருந்தது, வறுத்து இடிச்ச கறித்தூள், நல்ல உறைப்பு. ஒரு போத்தல் கொண்டுபோய்ப் பாத்தி முழுக்கத் தூவினன். அவவின்ர பக்கமும்தான், உதவி எண்டு நினைச்சு. அவ ஒப்பரேசன் செய்துபோட்டு வீட்டுக்க இருக்கிறா, கீழ வரமாட்டா எண்டு நினைச்சன். சொல்லி வைச்சிருக்கலாம், சொல்லேல்லை.

முயல் அண்டைக்கு வரேல்லை. நானும் ஜன்னலால பார்த்து எனக்கு நானே சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சன். மறுநாள் காலமை பார்த்தால் படியில கத்துற சத்தம். அந்த மனிசி, குனியக் கூடாது எண்டு டொக்டர் சொன்னதைக் கேட்காமல் களவாய் இறங்கிப் புல்லுப் பிடுங்கியிருக்கிறா, கையுறை போடமாட்டா எண்டு உனக்குத் தெரியும், லேஞ்சித் துணியில கையைத் துடைச்சுப்போட்டு ஒப்பரேசன் செய்த கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறா. என்ர மாதாவே, அந்தக் கண் செக்கச்செவேல் எண்டு! நான்தான் டக்சி பிடிச்சுக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினனான். அங்க டொக்டர் கண்ணில என்ன பட்டது எண்டு கேட்டார். அவ, முதல் நாளும் களவாய்ப் போய்ப் பாத்திக்குச் சுண்ணாம்பு தூவினனான், அதாய்த்தான் இருக்கும், நான் ஒரு விசர்க்கிழவி எண்டு தன்னைத் தானே ஏசினா. பிறகு அந்த டொக்டர் என்னைப் பார்த்து, வேற ஏதும் பட்டிருக்குமோ, உங்களுக்குத் தெரியுமோ எண்டு நேராய்க் கேட்டார். எனக்குத் தெரியும் வனேசா. கேள்வியும் விளங்கினது, பதிலும் தெரியும், டொய்ச் பாசையும் தெரியும். தெரியாது எண்டு தலையாட்டிப்போட்டன்.

சுண்ணாம்பு எண்டால் கண்ணுக்கு ஆபத்தாம். கண்ணுக்க இல்லாத சுண்ணாம்பைத் தேடி அந்த இமையைப் பிரட்டிப் பிரட்டிக் கழுவினவை. நான் திரைக்கு இங்கால இருந்து கேட்டுக்கொண்டிருந்தன். பிறகு அவ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு தாதியிட்ட, இவதான் என்ர அயலுக்காறி, இவ இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன் எண்டு சொன்னா. நன்றி எண்டு ஒரு பெரிய சொக்லேற் பெட்டியும் எங்கட வாசலில வைச்சிருந்தா. உன்ர அப்பா ரண்டு நாளில முடிச்சுப்போட்டார், நீ ஏன் சாப்பிடேல்லை எண்டு கேக்கிறார், தூள் போத்தல் ஏன் வெறுமையாய்க் கிடக்குது எண்டும் கேக்கிறார். பார்வை முந்தி மாதிரித் திரும்புமோ எண்டு டொக்டர்மாருக்கு இன்னும் சொல்ல ஏலாதாம். மாதாவுக்குப் பூ வேணும் எண்டு ஒரு மனிசியின்ர கண்ணோட விளையாடிப்போட்டன். தூள் போட்டது விசர் வேலை, அதை மன்னிக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தது என்ன வேலை எண்டு சொல்லு. எனக்குப் பித்தப்பையில கல் வந்து துடிக்கேக்க நீ பத்து வயசுப் பிள்ளை, எங்க நோகுது எப்பிடி நோகுது எண்டு டொக்டருக்கு நீதான் சொன்னனி, அந்த நாளில எனக்கு டொய்ச் தெரியாது, நீதான் எனக்கு வாய். இப்ப எனக்கெண்டு ஒரு வாய் இருக்கு, தேவைப்பட்ட ஒருநாள் அது திறக்கேல்லை.

வெள்ளிக்கிழமை மனசு தாங்காமல் வெறும் போத்தலையும் எடுத்துக்கொண்டு மேல போனன். எல்லாத்தையும் சொன்னன், அழுதும் போட்டன். அவ போத்தலை வாங்கி மணந்து பார்த்தா. ஏசியிருந்தால் நல்லது, ஏசேல்லை. டொக்டர் உன்னைக் கேக்கேக்கயே உனக்கு இது தெரியுமோ எண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. ஓம் எண்டன். எழும்பிப் போய்க் கதவைத் திறந்து விட்டா. நான் இறங்கி வந்திட்டன்.

நேற்று மழைக்குள்ள நிண்டு கம்பிவலை அடிச்சன், அவ சொன்ன மாதிரியே முழங்கால் உயரம், ஒரு சாண் வெளியால மடிச்சு மண்ணுக்க தாட்டு, அவவின்ர பக்கம் முதல், பிறகு என்ர பக்கம். தூள் பட்ட மண்ணையும் வழிச்செடுத்துப் புது மண் போட்டன். மேல் ஜன்னலில திரை அசைஞ்சது, ஆனால் திறக்கேல்லை. இண்டைக்குப் பூசை முடிஞ்சு வரேக்க அவ தபால்பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிறா, கண்ணில மறைப்போட. என்ர முகத்தைப் பார்க்காமலே சொன்னா, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறன், நீயும் வா, டொக்டருக்கு நீயே சொல்லு எண்டு. அவ்வளவுதான். போட்டு வாறன் எண்டுகூடச் சொல்லாமல் படி ஏறிப் போனா.

அப்பாவுக்கு இண்டைக்கு இரவு சாப்பாட்டோட சொல்லிப்போடுவன், கத்துவார், கத்தட்டும். இந்த வருசம் மாதாவுக்குக் கடைப் பூதான், என்ர செவ்வந்தியை நான் தொடமாட்டன். நீ என்னை நினைச்சு அழாத, வேலைக்கு நேரத்துக்குப் போ, மருமகனோட சும்மா சும்மா கொளுவிச் சண்டை பிடிக்காத, றோஷினிக்கு நெத்தியில சிலுவை போட்டுப் படுக்க விடு. மரியாஸ்டைன் மாதா உங்கள் மூண்டுபேரையும் தன்ர போர்வைக்குள்ள வைச்சுக் காக்கட்டும். டொய்ச்சில இதை எப்பிடிச் சொல்லுறது எண்டு உன்னட்டக் கேட்க நினைச்சுப் போனும் கையில எடுத்தனான், வைச்சிட்டன். இந்தக் கடிதம் உன்ர கைக்கு வரேக்க செவ்வாய் எப்பவோ போயிருக்கும். பிழை பிழையாய் எண்டாலும் இந்த முறை நானே சொல்லியிருப்பன் பிள்ளை.

உன்னைக் கொஞ்சிக்கொண்டு,
உன்ர அம்மா
றஞ்சினி