நிச்சயத்துக்கு முன் குடிக்கச் சொன்ன டீ

அடி அண்ணாமலை
ஆடி மாதம், செவ்வாய்

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அம்மா சொல்லச் சொல்லத் தங்கை மதிவதனி எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் மதியும் இங்கே சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ சொல்வதை இப்போது நான் முழுதாக நம்புவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சரிம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். உங்கள் பக்கம் வேன் ஓட்டிக்கொண்டு வரும் வேணு அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

நீ கம்பெனியில் மயங்கி விழுந்ததை உன் ரூமில் இருக்கும் சினேகா சொல்லித்தான் தெரிந்தது. ஆன்ட்டி, அவ காலைல சாப்பிடறதே இல்ல, உடம்பு எளைக்கணும்னு வரப்போற மாமியார் குடுத்த டீயக் குடிச்சிட்டு அப்படியே லைன்ல நிக்கிறான்னு அந்தப் பெண் அழுதுவிட்டது. உன்னைக் கேட்டால் தூக்கம் கம்மிம்மா என்கிறாய். பூ வைக்க வந்த அன்று ஜோதியம்மாள் உனக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டு, லீவில் வந்தால் குடிக்கட்டும் என்று நம் வீட்டிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனார் அல்லவா, அதை சினேகா சொன்ன அன்றைக்குத்தான் எடுத்துப் பிரித்தேன். நாம டீக்கட வச்சிக்கினு இது இன்னா டீன்னு தெரியாம இருக்கலாமா, போடு பாக்கலாம்னு உன் அப்பா. எனக்குத் தெரிந்தது கடை டீதானே. நாலைந்து பையைக் கிழித்துக் கொட்டி, நன்றாகக் கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றிக் கொடுத்தேன். வாசன நல்லாத்தான் கீதுன்னு இரண்டு கிளாஸ் குடித்தார். மத்தியானத்துக்குள் கடையில் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வடை வாங்க வந்தவர்களைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறார், வருகிறார், மறுபடியும் ஓடுகிறார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார்கள், நீ மயங்கி விழுந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. பேதிக்குக் கொடுக்கிற நிலவாகை இலையை இதில் கலந்திருக்கிறார்களாம். மிஷினில் ஏறி நின்றால் எடை குறைந்த மாதிரி தெரியும், அது கொழுப்பு இல்லை, உடம்பில் இருக்கிற தண்ணிதான் என்றார்கள். சாப்பிடாமல் இதையே குடித்தால் உப்புச் சத்தும் இறங்கி மயக்கம் வருமாம். டீ என்றால் எல்லாமே கெடுதல் இல்லை, பால் சர்க்கரை போட்ட டீயைக் குறைத்து வெறும் பச்சை டீ குடித்தால் நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் பெரிதாக இளைத்துவிட மாட்டார்கள், வேளைக்கு அளவாகச் சாப்பிட்டு நடக்க வேண்டும் என்றார்கள். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். டப்பாவைக் கண்டால் மட்டும் எழுந்து போய்விடுகிறார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இந்தப் பௌர்ணமிக்கு ஜோதியம்மாளும் மாப்பிள்ளை புகழேந்தியும் மலை சுற்ற வந்தவர்கள், வெயில் தாழ நம் கடையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அந்தம்மா, இன்னா சம்பந்தி, பொண்ணு எவ்ளோ கம்மி ஆச்சு, போட்டோல எம் புள்ளயவிடப் பெருசாத் தெரியக் கூடாது பாருங்கன்னு கேட்டார். பூ வைத்தாகிவிட்டது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, எதையாவது பேசி அது உன் தலையில் விடிந்தால் என்ன செய்வது என்று நின்றேன். மதியை உனக்குத் தெரியும், பத்தாவதோடு நின்ற நாளிலிருந்து வெளி ஆள் வந்தால் அடுப்புக்குப் பின்னால் போய்விடுவாள். அவள் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து அந்தம்மா முன்னால் வைத்தாள். அத்தை, இது நீங்க அக்காவுக்குக் குடுத்த டீதான், குடிங்க, ஆனா இன்னும் பாதி மலை சுத்தணும், வழியில கக்கூஸ்ல கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்னு சொன்னாள். அக்கா இதக் குடிச்சித்தான் மயங்கி விழுந்துச்சுன்னும் சொன்னாள். இதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், எழுதினால்தான் ஆச்சு என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு முகம் மாறிவிட்டது. இது எப்பம்மா குடுத்த, நான் கேட்டனான்னார். நல்லதுக்குத்தான்டா குடுத்தேன்னு அந்தம்மா. அதற்கப்புறம்தான் எனக்கும் தைரியம் வந்தது. எம் பொண்ணு இந்த உடம்போடதான் வருவா, அது புடிக்கலன்னா வச்ச பூவ எடுத்துக்குங்கன்னு சொல்லிவிட்டேன். அந்தம்மா நம் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து நடந்துவிட்டார். மாப்பிள்ளை கொஞ்ச தூரம் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்து, சிந்துவுக்கு எப்ப லீவு, நான் அவங்ககிட்டப் பேசணும்னு கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் போன் வரும். நீ முதலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் எடு. வேண்டும் என்று தோன்றினால் வேண்டும் என்று சொல், வேண்டாம் என்றால் அதையும் நீயே சொல். சொந்தக்காரர்கள் வாயை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். பையில் கடலை உருண்டையும் செங்கம் ரோட்டில் வாங்கிய வெறும் பச்சை டீயும் இருக்கின்றன. டீ குடித்தால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி. அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு சினேகாவை விட்டு எனக்குச் சொல்லச் சொல், நீ சொன்னால் நம்ப மாட்டேன்.

மலையான் உன் பக்கத்தில் இருப்பான், குறைவில்லாமல் இரு.

உன் அம்மா,
தமிழ்செல்வி

அக்கா, அம்மா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். அத்தையிடம் நான் அவ்வளவு தைரியமாகப் பேசவில்லை, கிளாஸை வைக்கும்போதே பாதி டீயைத் தட்டில் கொட்டிவிட்டேன். நீ சாப்பிடு அக்கா. மதி.