உன் பேரில் நான் போட்ட கோல்கள்

இந்தத் தாள் உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் டீம் கோச்சிடம் காட்டவே காட்டாதீர்கள். என் அப்பாவிடமும் வேண்டாம். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். இது என் அக்காவுக்கு எழுதியது. அவள் இறந்துவிட்டாள்.

என் செல்ல பவானிக்கா,

நீ செத்த பிறகு மூன்று கோல் போட்டிருக்கிறாய். தெரியுமா உனக்கு? கடைசிக் கோல் குறிஞ்சிப்பாடியில். மைக்கில் உன் பேரைச் சொன்னார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தேன்.

ஒரு எல்லோ கார்டும் வாங்கியிருக்கிறாய். இத்தனை வருஷம் ஆடியும் நீ ஒரு கார்டு வாங்கியதில்லை. ஒருத்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் தள்ளிவிட்டேன். ரெஃப்ரி உன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

உனக்கு எதுவும் தெரியாதே, முதலிலிருந்து சொல்கிறேன். காய்ச்சலில் நீ போன பிறகு பழைய கோச்சும் வேறு டீமுக்குப் போய்விட்டார். புது ஹெட் கோச் நம் வீட்டுக்கு முதலில் வந்தது உன் கருமாதி அன்றைக்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உன் போட்டோ முன்னால் நின்று கும்பிட்டார். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தையும் போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கிளம்பும்போது அப்பாவிடம், "சின்னவளும் ஆடுவாளாண்ணே?" என்று கேட்டார். பாசத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் திரும்ப வந்து, உன் பேரில் என்னை ஆட வைக்கலாம் என்றார். லீக்கில் ஆட எனக்கு வயது போதாது. ஆனால் உன் பதிவு அப்படியே இருக்கிறது. நீ இறந்ததை லீக்குக்கு யாரும் தெரிவிக்கவில்லை, இனியும் தெரிவிக்கப் போவதில்லை. நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏதோ ஒரு விதத்துல அவ இன்னும் ஆடிட்டு இருக்கட்டுமேண்ணே, ஒங்களுக்கும் ஒரு ஆறுதல்" என்றார்.

அம்மாதான் கத்தினாள். "எம் பொண்ணு பேர சாமிகிட்ட வெச்சிருக்கேன். அதக் கொண்டுபோயி கிரவுண்டுல போட்டு ஒதைக்கப் போறீங்களா?" அப்பா அவளைச் சும்மா இரு என்றார். நீ போனதிலிருந்து அவர் கடலுக்குப் போவதும் இல்லை, யாரிடமும் பேசுவதும் இல்லை. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை பேசிவிட்டு, கோச் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அம்மா என் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. விடிவதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கு மீன் விற்கப் போய்விடுகிறாள்.

முதல் மேட்ச் அன்று கேப்டன் ரேகாக்கா கறுப்பு ரிப்பன் வாங்கி எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தாள். கையில் கட்டிக்கொண்டு, ஆட்டத்துக்கு முன்னால் உனக்காக ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்றாள். கோச் உள்ளே வந்தார். "எதுக்கு இது? யாரு செத்துட்டா?"

"நம்ம பவானி, சார்."

"பவானி ஆடப்போறா. ரிப்பன அவுருங்க" என்று சொல்லிவிட்டு உன் ஜெர்சியை என் மேல் போட்டார். ஒவ்வொருத்தியாக அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நிமிட மௌனம்கூட உனக்குக் கிடைக்கவில்லை அக்கா.

அவர் ஆட்டம் தெரியாதவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது. நன்றாகத் தெரிந்தவர். போன வருஷம் கடைசியில் கிடந்த டீமை, நாளைக்கு ஜெயித்தால் முதல் இடம் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பேப்பரில் அவர் போட்டோ வந்தது. நீ இடது கால்காரி என்பது எல்லா டீமுக்கும் தெரியும், அதனால் நானும் இடது காலால்தான் அடிக்க வேண்டும். மறந்துபோய் வலது காலால் அடித்தால் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். என் கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது.

அவர் திட்டுவதில்லை. மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். "வெளிய தெரிஞ்சா மொதல்ல மாட்டறது ஒங்கப்பாதான். கையெழுத்து அவருது. நீயும் அப்புறம் எந்த கிரவுண்டுலயும் கால் வைக்க முடியாது. புரியுதா பாப்பா?" என்றார். புரிகிறது என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்?

நம் தேவனாம்பட்டினத்தில் எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர் டீம் என்று சும்மா இருக்கிறார்கள். ஐஸ் கம்பெனி வாசலில் நிற்கிற பையன்கள் மட்டும், "என்னா பவானி, கலை எங்க, செத்துட்டாளா?" என்று என் பேரையே என்னிடம் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சங்கவி அக்காவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் கூட்டாளி வெளி மாநிலத்தில் ஆடிவிட்டு இந்த சீசனில்தான் சிதம்பரம் டீமுக்குத் திரும்பி வந்தாள். நீ போனது அவளுக்குத் தெரியாது. அவர்கள் கடலூருக்கு ஆட வந்தபோது வரிசையில் நின்று எல்லாரும் கை கொடுத்தோம். என் கையைப் பிடித்தவள் விடவில்லை. "பவானி எங்கடி?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

"ஏய், அவ கை எனக்குத் தெரியாதா?"

கோச் பார்த்துக்கொண்டிருந்தார். கையை உருவிக்கொண்டு ஓடினேன். மேட்ச் முடிந்து அவள் எங்கள் வேன் பக்கத்தில் காத்திருந்தாள். கோச் என்னைப் பின்பக்கமாக அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே அவள் உன் போனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். உன் போன் கோச்சிடம் இருக்கிறது அக்கா. அப்பாதான் கொடுத்திருக்கிறார். நீ பதில் எழுதுகிற மாதிரி அவர் எழுதியிருக்கிறார். 'கால்ல அடிடி, ரெஸ்ட்ல இருக்கேன். தங்கச்சி எம் பேர்ல ஆடுறா. யார்கிட்டயும் சொல்லிடாத.' கோச் கையிலிருந்த போனில் ரேகாக்கா பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

சங்கவி அக்கா யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டாய் என்று சொல்லவில்லை. நாளைக்குக் கடைசி மேட்ச் சிதம்பரத்தில். 'கால் அடியோட அலையாத, நீ வர வேணாம். அம்மாவ கொத்சு வைக்கச் சொல்லியிருக்கேன். தங்கச்சிகிட்ட டப்பால குடுத்து அனுப்புறேன்' என்று உனக்கு எழுதியிருக்கிறாளாம்.

அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு நான் எங்கே வருவேன்?

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் புகார் கொடுத்தால் சீசன் முழுக்க எடுத்த பாயிண்ட் எல்லாம் போய்விடும். ரேகாக்காவும் மற்றவர்களும் உயிரைக் கொடுத்து ஆடியது வீண். அப்பாவை என்ன செய்வார்கள்? என்னை? நீயாக இருந்தால் நேராகப் போய்ச் சொல்லியிருப்பாய். எனக்கு உன் பேர் மட்டும்தான் கிடைத்தது, அந்தத் தைரியம் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று சத்தியம் அக்கா. நாளைக்குக் கை கொடுக்க வரிசையில் நிற்கும்போது, மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாலேயே, சங்கவி அக்காவிடம் சொல்லிவிடுவேன். நீ செத்துவிட்டாய் என்று இந்த சீசனில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். உனக்காக ஒருத்தியாவது அந்த கிரவுண்டில் நின்று அழட்டும். அதற்குப் பிறகு கோச் என்ன செய்தாலும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"பவானி" என்று கூப்பிடுகிறார். "பவானி, வெளக்க அணைச்சிட்டுத் தூங்கும்மா. காலைல மேட்ச்."

வீட்டுக்குள் அவர் என்னை இப்படிக் கூப்பிட்டதே இல்லை.

உன் தங்கச்சி,
கலை