பேசாத முகமூடி

பாப்பாவுக்கு,

நீ வருஷம் தவறாமல் வேஷம் போட்டுக்கொண்டு போகும் அந்த அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) ரசிகர் விழாவுக்கு நேற்றுப் போயிருந்தேன். கடைசி நாள். "கோவிச்சுட்டுப் போனவள வீட்டுக்கெல்லாம் கூப்பிட வேணாம், இளைச்சிருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்று அம்மாதான் அனுப்பினாள். எப்படிப் பார்ப்பது? ஒருத்திக்கு நீல முடி, ஒருத்திக்கு இறக்கை, மீசைக்காரர் ஒருவருக்குப் பள்ளிக்கூடப் பாவாடை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெள்ளை முகமூடியும் வாளுமாக நின்ற ஒரு பெண்ணிடம் உன் படத்தைக் காட்டி, "இவளப் பாத்தீங்களாம்மா?" என்றேன். பதிலே இல்லை.

"அந்தக் கேரக்டர் பேசாது அங்கிள். அதனால வேஷம் போட்டவங்களும் பேச மாட்டாங்க. கேட்டுட்டு சேர்ந்து போட்டோ வேணா எடுத்துக்கலாம்" என்றார் விழாத் தொண்டர்.

கேட்டேன். முகமூடி தலையாட்டியது. பக்கத்தில் வந்து என் கழுத்தருகே கையைக் கொண்டுவந்ததும் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். வாள் வேறு வைத்திருந்ததே! படத்திலும் அப்படியே விழுந்திருக்கிறேன். அதற்குள் கடைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பினால் ஆளைக் காணோம்.

வீட்டில் அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "போகும்போது உங்க காலர் பாதி உள்ள மடங்கிக் கெடந்துச்சே. யாரு எடுத்து விட்டா? நம்ம பாப்பாதானே எப்பவும் எடுத்து விடுவா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்; தூக்கம்தான் வரவில்லை.

அடுத்த விழா எங்கே என்று மட்டும் எழுது. நீ பேச வேண்டாம். நான் காலரைச் சரிசெய்யாமல் வருகிறேன்.

அப்பா