பாதி ஏற்றிய குதிரை

சான் ஜுவான்,
3 செப்டம்பர் 1692

அன்புள்ள ஜெரோனிமா அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். துப்பாக்கியில் பொருத்துகிற விசைகள் நாற்பது முத்திரைக்காகக் கொடுத்தனுப்பிப் பத்து நாளாச்சு. ஒன்றுகூடத் திரும்பவில்லை. அண்ணன் இருந்தவரை வந்த அன்றைக்கே நம் குடும்ப முத்திரையைக் குத்தி அனுப்பிவிடுவார். முத்திரை உளி உங்கள் பெட்டியில் தூங்குகிறதா? முத்திரை இல்லாமல் வாங்காத பார்சலோனா வியாபாரி என் உயிரை எடுக்கிறார். வீட்டில் செய்த தொத்திறைச்சி அனுப்பியிருக்கிறேன், சாப்பிடுங்கள்.

உங்கள் கொழுந்தன்
செஜிமோன்

ரிப்போல்,
6 செப்டம்பர்

தம்பி செஜிமோனுக்கு,

தொத்திறைச்சி நன்றாக இருந்தது. உன் விசைகள்தான் நன்றாக இல்லை.

கல்லைக் கவ்வியிருக்கும் குதிரையைப் பாதி ஏற்றி நிறுத்தினால் துப்பாக்கி வெடிக்கக் கூடாது. குதிரையைத் தடுத்துப் பிடிக்கத்தானே உள்ளே அந்த முளை? நாற்பதையும் ஒவ்வொன்றாகக் கட்டையில் பூட்டி, தரையில் ஒரு தட்டு தட்டினேன். பதினொன்றில் குதிரை நழுவி விழுந்தது. முளைக்குப் பதம் ஏற்றாமல் வெறும் இரும்பாகவே விட்டிருக்கிறாய். திரி வைத்துச் சுட்ட காலத்தில் திரியை அணைத்தால் பயம் விட்டது. இதில் சிக்கிமுக்கிக் கல் எப்போதும் தயாராக நிற்கிறது. இதைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறவன் கால் தடுக்கினால் என்ன ஆவான்?

முத்திரை குத்த மாட்டேன்.

அண்ணி
ஜெரோனிமா

சான் ஜுவான்,
9 செப்டம்பர்

அண்ணிக்கு,

பதினொன்று நழுவினால் மீதி இருபத்தொன்பதுக்குக் குத்த என்ன கேடு? எல்லாம் தெரிந்த மாதிரி பேச வேண்டாம். விதவையிடம் முத்திரையை விட்டுவைத்தது நம் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் போட்ட பிச்சை. சங்கத்துத் தலைவன் நான் என்பது ஞாபகம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரிப்போலில் கூட்டம். நாற்பதிலும் முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் உளியை மேசைமேல் வைத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து நூல் நூற்கலாம்.

செஜிமோன்

ரிப்போல்,
11 செப்டம்பர்

செஜிமோனுக்கு,

வருகிறேன். உளியும் வரும். ஒரு துப்பாக்கியும் வரும்.

நழுவிய பதினொன்றில் ஒன்றை அதில் பூட்டியிருக்கிறேன். மருந்தும் குண்டும் கெட்டித்து, குதிரையைப் பாதி ஏற்றி, மேசைமேல் வைப்பேன். குழலின் வாய் தலைவருடைய நாற்காலியைப் பார்த்தபடி இருக்கும். நீ அதில் உட்கார். துப்பாக்கியை நான் விரலால்கூடத் தொட மாட்டேன். மேசையை மூன்று தட்டு தட்டுவேன், அவ்வளவுதான். குதிரை நின்றால் அங்கேயே நாற்பதுக்கும் குத்தித் தருகிறேன், உளியையும் நீயே எடுத்துக்கொள்.

பிச்சையாம். உன் அண்ணனுக்குக் கண் மங்கிய ஆறு வருஷமும் இந்த முளைகளுக்கு அரம் போட்டவள் நான். அது உனக்கும் தெரியும். நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று ஊரே பார்க்கட்டும்.

ஜெரோனிமா

சான் ஜுவான்,
13 செப்டம்பர்

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லை. இந்தக் கடிதம் கொண்டுவருகிற கழுதைக்காரனிடம் நாற்பதையும் கொடுத்தனுப்புங்கள். எல்லா முளைகளையும் மாற்றுகிறேன். உளி உங்களிடமே இருக்கட்டும்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து மருந்தை எடுத்துவிட்டீர்களா? கழுதைக்காரன் உங்கள் வாசலுக்கு வரப் பயப்படுகிறான்.

செஜிமோன்